மஞ்சளே இல்லாத மஞ்சள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில், விடுமுறையில் பிள்ளைகள் கணினியில் செய்து பார்க்க நவீன ஓவியப் பயிற்சிகள் என்று ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. புகைப்படத்தைச் செயலியில் ஏற்றவும், 'வான் கோ' என்பதைத் தொடவும், சேமிக்கவும். அடுத்து 'பிக்காசோ' என்பதைத் தொடவும், சேமிக்கவும். ஆறு ஓவிய இயக்கங்கள் பத்தே நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன. தயாரித்தவர்களின் நல்லெண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஓர் ஆறு, ஓரத்தில் ஒரு தென்னை என்பதே ஓவியம் என்று தலைமுறை தலைமுறையாக நம்பிவந்த பள்ளிகளுக்கு மத்தியில், நெதர்லாந்து நாட்டு ஓவியர் மோந்திரியானின் பெயரைப் பிள்ளைகளுக்காக ஒரு தமிழ் நாளிதழ் அச்சிட்டதே பெரிது. ஆனாலும் அந்தப் பக்கத்தைப் படித்ததும் எனக்கு ஜனவரி மாதத்து வயிற்றெரிச்சல் திரும்ப வந்துவிட்டது.

பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு, எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் மாணவர்களின் டிஜிட்டல் ஓவியக் கண்காட்சிக்கு என்னை நடுவராக அழைத்திருந்தார்கள். பள்ளியின் பெயர் வேண்டாம். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியருக்கு ஆண்டுக்கு ஒரு சால்வை இப்படித்தான் வரும். மண்டபத்தில் 42 படங்கள் மாட்டியிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன்: 29 படங்களில் வானம் சுழன்றது. பாட்டி வீட்டுப் பசு, அப்பாவின் மோட்டார் சைக்கிள், ஏகாம்பரநாதர் கோயில் கோபுரம், பிறந்தநாள் கேக் எதுவாக இருந்தாலும் அதன் தலைக்கு மேல் அதே நீலச் சுழல். ஒரு பையனிடம், "தம்பி, இந்தச் சுழல் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது?" என்று கேட்டேன். தன் படத்தை அன்றுதான் முதல் முறையாகப் பார்ப்பவன் போலக் குனிந்து பார்த்தான். "அது செயலி போட்டது சார்" என்றான். பாவம், பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

1889ஆம் ஆண்டு ஜூன் மாதம், பிரான்ஸ் நாட்டின் செயின்ட் ரெமி என்ற ஊரில், மனநலக் காப்பகத்தின் ஜன்னலில் தெரிந்த மலையையும் விடியலுக்கு முந்திய வானத்தையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, அந்த ஜன்னலில் தெரியவே தெரியாத ஓர் ஊரைத் தானாகக் கீழே சேர்த்து, வின்சென்ட் வான் கோ வரைந்தது அந்தச் சுழல். எதைக் கண்டபடி வரைவது, எதை மாற்றுவது, எதைச் சேர்ப்பது என்று அந்த மனிதர் ஒவ்வொரு தீற்றலிலும் முடிவெடுத்திருக்கிறார். பையன் எடுத்த ஒரே முடிவு, பட்டியலில் எந்தப் பெயரைத் தொடுவது என்பது.

நான் முதல் பரிசு கொடுத்த படத்தைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, எல்லாக் கணினியிலும் சும்மா கிடக்கும் பெயின்ட் நிரலில், கறுப்பும் சாம்பலுமாகக் கொஞ்சம் சதுரங்களை அடுக்கியிருந்தாள். தலைப்பு, 'தூங்கும் பூனை'. மூலையில், குடிநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். இதை எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "முதலில் 200 சதுரம் இருந்தது சார். ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தேன். இப்போது 23 இருக்கிறது. இதற்கு மேல் ஒன்றை எடுத்தாலும் பூனை போய்விடுகிறது" என்றாள்.

நான் 34 ஆண்டுகள் ஓவிய ஆசிரியனாக இருந்தவன். ஃப்ரீஹேண்ட், மாடல் டிராயிங் எல்லாம் ஹையர் கிரேடு தேறி, தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழும் வாங்கி வேலைக்கு வந்தவன். என் வகுப்பு நேரத்தைக் கணக்கு ஆசிரியருக்குக் கடன் கொடுத்தே பாதிப் பணிக்காலத்தைக் கழித்தவன். அத்தனை ஆண்டுகளில் இதைவிடச் சுருக்கமாக ஒரு பிள்ளை நவீன ஓவியத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை. பரிசை அறிவித்தபோது தாளாளரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "பெற்றோர் என்ன நினைப்பார்கள், சார்? கட்டம் கட்டமாக இருக்கிறதே" என்றார். அடுத்த ஆண்டுச் சால்வை எனக்கு வராது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பூனையிடம் அந்தப் பெண் செய்ததை மோந்திரியான் மரத்திடம் செய்தார். நீல அந்தியின் முன்னால் கிளைகள் பின்னி நிற்கும் ஒரு சிவப்பு மரத்தை 1908இல் தொடங்கினார். 1911இல் வரைந்த சாம்பல் மரத்தில் கிளைகள் வெறும் வளைவுகளாகிவிட்டன. 1912இல் வரைந்த ஆப்பிள் மரத்தில் தலைப்பைப் படித்தால்தான் மரம் தெரியும். 1917க்கு வரும்போது குறுக்கும் நெடுக்குமான சிறு கறுப்புக் கோடுகள் மட்டுமே மிஞ்சின. நாம் இன்று புடவையிலும் பிஸ்கட் டப்பாவிலும் பார்க்கிற சிவப்பு, மஞ்சள், நீலச் சதுரங்கள் இந்தப் பயணத்தின் கடைசியில் வந்தவை. பிள்ளைக்குக் கடைசிப் படத்தை மட்டும் காட்டி 'இதைப் போல் கட்டம் போடு' என்றால், தாலாட்டைக் கேட்காமலே தூங்கிய குழந்தையைப் படம் பிடிப்பது போலத்தான்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மோந்திரியான் மாதிரி இருக்கும் படத்தை இயந்திரத்தால் செய்ய முடியும் என்பது செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு தெரிந்த செய்தி அல்ல. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பொறியாளராக இருந்த மைக்கேல் நோல் 1964இலேயே, அந்த 1917ஆம் ஆண்டு கோட்டுப் படத்தைப் பார்த்து, அதைப் போன்ற ஒன்றை அறை நிறைந்த ஒரு கணினியைக் கொண்டு போட்டார். இரண்டின் நகலையும் ஆய்வகத்தில் வேலை பார்த்த 100 பேரிடம் காட்டினார். 59 பேருக்குக் கணினி போட்டதுதான் பிடித்திருந்தது. எது கணினி போட்டது என்று சரியாகச் சொன்னவர்கள் 28 பேர் மட்டுமே. மோந்திரியானின் முகத்தை மட்டும் ஒட்டவைக்கும் வேலை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே முடிந்து போனது. அதற்கு இன்னும் நாம் பிள்ளைகளுக்குக் கோப்பை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வெறும் வாயை மெல்லுகிற கிழவன் என்று நினைத்துவிடாதீர்கள். நானே செய்து பார்த்தேன். பிப்ரவரியிலிருந்து ஞாயிறு காலையில் என் வீட்டுத் திண்ணையில் ஏழு பிள்ளைகள் கூடுகிறார்கள். பிள்ளையார்பாளையம் பட்டுத்தறிகளின் பேட்டை என்பது தங்கள் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். ஏழு பேரில் ஐந்து பேர் தறி வீட்டுப் பிள்ளைகள். கருவி என்று பார்த்தால், ஒரு பெண்ணின் அக்காவுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி ஒன்று. அதன் பேட்டரி செத்துப் பல நாளாகிறது, மின்கம்பியைப் பிடுங்கினால் உயிர் போய்விடும். அப்புறம் என் மகன் வாங்கிக்கொடுத்த கைப்பேசி. நிரல், அதே பெயின்ட். கிரிட்டா, ஜிம்ப் என்று காசில்லாமல் கிடைக்கும் நல்ல ஓவிய நிரல்களும் இருக்கின்றன, ஆனால் எங்கள் கிழட்டுக் கணினி அவற்றைத் திறப்பதற்குள் பிள்ளைகள் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

முதல் ஞாயிறே எனக்கு அடி விழுந்தது. அடிப்படை நிறங்கள் மூன்று, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று 34 ஆண்டுகளாகச் சொன்ன பாடத்தைத் தொடங்கினேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் என் கைப்பேசியில் ஒரு மஞ்சள் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சொம்புத் தண்ணீரில் விரலை நனைத்து விளையாடிக்கொண்டிருந்தான். திரையில் ஒரு சிறு துளி தெறித்தது. துளி பூதக்கண்ணாடி போல வேலை செய்யும் அல்லவா? "சார், இதற்குள் மஞ்சளே இல்லை. சிவப்பும் பச்சையும்தான் இருக்கிறது" என்றான்.

உண்மைதான். திரையில் மஞ்சள் விளக்கு என்று ஒன்று கிடையாது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விதக் குட்டி விளக்குகள் நெருக்கமாக இருக்கின்றன. சிவப்பையும் பச்சையையும் எரியவிட்டு நீலத்தை அணைத்தால் நம் கண்ணும் மூளையும் சேர்ந்து மஞ்சளைச் செய்துகொள்கின்றன. சாயத்தைக் கலப்பது வேறு, வெளிச்சத்தைக் கலப்பது வேறு. இதை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆனால் தண்ணீர்த் துளியில் பார்த்ததில்லை. ஏழு பேரும் மாறி மாறிக் குனிந்து பார்த்ததில் என் கைப்பேசிக்குள் தண்ணீர் போய் அன்று மாலை வரை அது பேசவில்லை. போகட்டும்.

அன்றைக்கு நான் நினைத்திருந்த பாடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டேன். பெயின்ட்டில் படத்தை மிகவும் பெரிதாக்கி, ஒரு புள்ளி சிவப்பு, அடுத்த புள்ளி பச்சை, அடுத்தது சிவப்பு என்று சதுரங்கப் பலகை மாதிரி வைக்கச் சொன்னேன். முதலில் தடித்த தூரிகையை எடுத்ததால் பெரிய பெரிய கட்டங்கள் விழுந்தன, ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மிகச் சிறிய புள்ளியில் 16க்கு 16 வைத்து, அதை நகலெடுத்து ஒட்டி, அந்த இரட்டையை மறுபடி நகலெடுத்து ஒட்டி உள்ளங்கை அகலம் ஆக்கினார்கள். கோலத்தில் ஒரு மூலை வந்துவிட்டால் மற்றது தானே வரும் என்பது பெண் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. ஆண் பிள்ளைகள் ஒவ்வொரு புள்ளியாக வைத்துக் கைவலியோடு உட்கார்ந்திருந்தார்கள். பழைய அளவுக்குக் கொண்டுவந்து, திண்ணையின் கடைசித் தூணுக்குப் பின்வாங்கிப் பார்த்தோம். சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை, கடுகை அரைத்து வைத்த மாதிரி ஒரு மங்கிய மஞ்சள் நின்றது. ஒரு பெண் கைதட்டிவிட்டாள்.

அடுத்து நீலமும் மஞ்சளும். பச்சை வரும் என்று எல்லோரும் பந்தயம் கட்டினார்கள். வாட்டர் கலரில் அதுதானே வரும்? வந்தது சாம்பல். என்னவோ தவறு செய்துவிட்டோம் என்று மூன்று முறை அழித்து வைத்தார்கள். மூன்று முறையும் சாம்பல்தான். அப்போதுதான் இதுவரை வாயே திறக்காத ஒரு தறி வீட்டுப் பெண் சொன்னாள்: "எங்கள் வீட்டில் தெரியும் சார். நீளவாக்கில் ஓடும் நீலப் பாவில் குறுக்கே மஞ்சள் ஊடை போட்டால் பச்சை வராது, அழுக்காகிவிடும். பச்சை ஊடை போட்டால்தான் மயில் கழுத்து நிறம் வரும் என்று அப்பா சொல்வார்."

எனக்கு உடல் சிலிர்த்தது. ஏனென்றால் புள்ளி ஓவியத்தின் கதையே ஒரு தறிக்கூடத்தில்தான் தொடங்குகிறது. பாரிசில் கோபெலின் என்ற பேர்போன திரைச்சீலை நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு 1824இல் ஷெவ்ரல் என்ற வேதியியல் அறிஞர் பொறுப்பேற்றார். கறுப்பு நூல் சரியில்லை, வெளிறித் தெரிகிறது என்று அவருக்குப் புகார் வந்தது. அவர் சாயத்தைச் சோதித்தார். சாயத்தில் குற்றமில்லை. கறுப்புக்குப் பக்கத்தில் எந்த நிற நூலை வைத்து நெய்தார்களோ அந்த நிறம்தான் கறுப்பைக் கெடுத்தது. பக்கத்து வீட்டுக்காரன் யார் என்பதைப் பொறுத்து ஒரு நிறத்தின் குணம் மாறுகிறது என்பதை அவர் 1839இல் பெரிய நூலாகவே எழுதினார். அதைப் படித்த ஜார்ஜ் சூரா என்ற இளைஞர், சாயங்களைத் தட்டில் குழைக்காமல் துணியில் பக்கத்தில் பக்கத்தில் புள்ளியாக வைத்தால் என்ன என்று தொடங்கி, 1884 முதல் 1886 வரை உட்கார்ந்து, இரண்டு மீட்டர் உயரமும் மூன்று மீட்டர் அகலமும் கொண்ட ஓர் ஆற்றங்கரை ஞாயிற்றுக்கிழமையை வரைந்து முடித்தார். கிராந்த் ஜாத் தீவு என்பது அந்த இடம். படம் இப்போது சிகாகோவில் இருக்கிறது. அதில் ஒரு சோகம் உண்டு. அவர் நம்பிக்கையோடு வைத்த துத்தநாக மஞ்சள் புள்ளிகள் சில ஆண்டுகளிலேயே பழுப்பேறிப் போயின. மஞ்சளுக்கும் எங்களுக்கும் ராசி அப்படி.

செயலியில் 'புள்ளி ஓவியம்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தொட்டால் முகமெல்லாம் அம்மை போட்ட மாதிரி புள்ளி விழும். அந்தப் பொத்தானைத் தொட்டிருந்தால் எங்களுக்குச் சாம்பல் வந்திருக்காது, அந்தப் பெண்ணும் வாய் திறந்திருக்க மாட்டாள்.

மறு ஞாயிறு அவள் வீட்டுக்கே போனோம். அவள் அப்பா, வேலை கெடுகிறதே என்று முதலில் முகம் சுளித்தாலும், பிறகு தறிக்கு மேலிருக்கும், சேலையில் உருவம் நெய்ய உதவும் ஜக்கார்டு பெட்டியைத் தானே காட்டினார். அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் பாவு நூல் தூக்கும், ஓட்டை இல்லாத இடத்தில் தூக்காது. இந்தப் பக்கம் ஒரு கட்டம் போட்ட கிராஃப் தாள், அதில் ஓர் அன்னப்பறவை சின்னச் சின்னக் கட்டங்களாக இருந்தது. பையன்கள் அதைப் பார்த்துவிட்டு, "இது பெயின்ட் சார்!" என்றார்கள். பிரான்ஸின் லியோன் நகரத்தில் 1804 வாக்கில் ஜக்கார்டு என்பவர் அமைத்த அந்த ஓட்டை அட்டைதான், பின்னாளில் கணினிக்குக் கணக்குச் சொல்லும் அட்டைக்கு முன்னோடி. திரைப் புள்ளியைக் குறிக்கும் பிக்சல் என்ற சொல்லைக் கேள்விப்படாத பரம்பரை நெசவாளர் அதை வைத்துத்தான் பிழைக்கிறார். பள்ளியில் டிஜிட்டல் ஓவியம் என்று அறிமுகப்படுத்துகிறவர்கள் இந்த வீட்டுப் பிள்ளைகளை ஒன்றும் தெரியாதவர்களாக நடத்துவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அங்கே இன்னொரு வேடிக்கையும் நடந்தது. தறியை முழுதாகப் படம் எடுக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. எட்டடி அறையில் தறியே ஆறடிக்கு மேல், பின்னால் போக இடமில்லை, சுவர் முதுகில் இடிக்கிறது. அப்போதுதான் எனக்கு ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னி நினைவுக்கு வந்தார். அவர் 1982இல், ஒரே இடத்தில் நின்று ஒரே கண்ணால் பார்ப்பது போலப் புகைப்படம் நடிக்கிறது என்று சலித்துப்போய், போலராய்டு கேமராவில் ஒரே காட்சியைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டினார். ஒரு பொருளைப் பல பக்கத்திலிருந்தும் பார்த்து ஒரே படத்தில் சேர்க்கும் க்யூபிசம் என்ற முறையில் பிக்காசோவும் பிராக்கும் தூரிகையால் செய்ததைக் கேமராவால் செய்து பார்த்தார் என்று சொல்லலாம். இதே மனிதர் 70 வயது தாண்டிய பிறகு கைப்பேசியில் கட்டைவிரலால் பூ வரைந்தவர் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

பிள்ளைகள் தறியை 61 துண்டுகளாக எடுத்தார்கள். குழிக்குள் இருக்கும் கால், ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடாவை வாங்கும் இடது கை, தள்ளும் வலது கை, அட்டை, நூல், மேலே தொங்கும் குண்டு பல்பு, தாழ்வாரத்திலிருந்து எட்டிப் பார்க்கும் பாட்டி. கணினியில் ஒட்டியபோது அப்பாவுக்கு ஐந்து கைகள் வந்துவிட்டன. மூன்றை அழிக்கலாமா என்று ஒருவன் கேட்டான். அந்தப் பெண் விடவில்லை. "காலையிலிருந்து இத்தனை கைதான் சார் ஓடுகிறது" என்றாள். க்யூபிசத்தைப் பற்றி நான் தயாரித்து வைத்திருந்த இரண்டு பக்கக் குறிப்பைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டேன்.

பணிக்கரையும் தொட்டோம். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்து, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர், 1963இலிருந்து எழுத்துகளையும் ஜாதகக் கட்டங்களையும் கணக்குக் குறிகளையும் நிரப்பிச் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையை வரைந்தார். நவீன ஓவியம் என்றால் பாரிசுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினால் போதும். ஒரு பையன் தன் அப்பாவின் கூலிக்கணக்கு நோட்டைப் படமெடுத்து, எண்களைக் கத்தரித்து அடுக்கினான். நன்றாகத்தான் வந்தது. ஆனால் முன்பணப் பாக்கி எவ்வளவு என்று அதில் தெளிவாகத் தெரிந்ததால், அப்பா அதை யாருக்கும் காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆகவே அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

எல்லாம் இனிதாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். மோந்திரியான் மரத்தை வேப்பமரத்தில் செய்து பார்க்கச் சொன்னது தோல்வி. ஆறு நகல் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் முந்தியதைவிடக் குறைவாக வைக்க வேண்டும் என்பது விதி. மூன்றாம் நகலுக்கு மேல் ஒருவரும் போகவில்லை. இலையை எடுக்க மனமில்லை. ஏன் இலை வேண்டாம் என்று ஒருத்தி கேட்டாள், எனக்கும் உடனே பதில் வரவில்லை. அவர்களைச் சமாதானப்படுத்த ஒரு கதை சொன்னேன். மோந்திரியான் கடைசிக் காலத்தில் நியூயார்க்கில் வண்ணக் காகித நாடாக்களை ஒட்டியும் பிய்த்தும் இடம் மாற்றியும் படம் அமைத்தார். கணினியில் கோட்டைப் பிடித்து இழுத்து நகர்த்துகிறோமே, அந்த வேலைதான். அப்படி 1941இல் அவர் நாடா ஒட்டிய படம் ஒன்று, 1945 முதலே அருங்காட்சியகங்களில் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது என்பது 2022இல்தான் தெரியவந்தது. அவர் காலமான 1944ஆம் ஆண்டு அவரது பட்டறையில் எடுத்த புகைப்படத்தில் அது மறுபக்கமாக நிற்கிறது. இப்போது திருப்பினால் காய்ந்த நாடாக்கள் உதிர்ந்துவிடும் என்று ஜெர்மனியின் டுசல்டார்ஃப் அருங்காட்சியகத்தில் அப்படியே விட்டுவிட்டார்கள். பிள்ளைகளுக்கு மரத்தைவிட இது பிடித்துப் போனது. அன்று முழுதும் எல்லாப் படத்தையும் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்கள்.

செயலிகளைத் தடை செய் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் யார் கேட்கப் போகிறார்கள்? ஒரு கண்காட்சி வைத்தால், முடிந்த படத்தோடு, வழியில் சேமித்த நகல்களையும் வரிசையாக மாட்டச் சொல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள். பூனைக்கு 200 சதுரம் இருந்த நிலை, 90 இருந்த நிலை, 24 இருந்த நிலை எல்லாம் சுவரில் இருக்கட்டும். தாளில் அழித்த கோடு போய்விடும், கணினியில் எத்தனை நிலையை வேண்டுமானாலும் காப்பாற்றி வைக்கலாம். எங்கள் காலத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத வசதி இது ஒன்றுதான். இன்னொன்று, பல பள்ளிகளில் கணினி அறைச் சாவி ஒருவரிடமும் ஓவிய வகுப்பு இன்னொருவரிடமும் இருக்கிறது. இருவரும் ஆசிரியர் அறையில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து வேறு வேறு டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள். தலைமை ஆசிரியர்கள் அவர்களை வாரத்தில் ஒரு பாடவேளையாவது ஒரே அறையில் விட்டால் என் வயதொத்தவர்கள் திண்ணையில் கடை விரிக்க வேண்டியிராது. தங்கள் இணைப்பும் ஆறு இயக்கங்களை ஒரே பக்கத்தில் அடைக்காமல், வாரத்துக்கு ஒரு விதியை மட்டும் அச்சிடலாம். 'இந்த வாரம் இரண்டே நிறப் புள்ளிகள்.' அவ்வளவு போதும், மீதியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

கடைசியாக ஒரு விஷயம், இதற்காகத்தான் உண்மையில் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். தங்கள் இணைப்புப் பக்கத்தைச் சென்ற ஞாயிறு திண்ணைக்கு எடுத்துப் போயிருந்தேன், திட்டுவதற்காக. அந்தத் தறி வீட்டுப் பெண் நூல் எண்ணும் கண்ணாடியை வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தாள். சின்ன மடக்குக் கண்ணாடி, ஓர் அங்குலத்தில் எத்தனை இழை என்று பார்க்க நெசவாளர்கள் வைத்திருப்பது. நான் திட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் அதைத் தாளின் மேல் வைத்துப் பார்த்துவிட்டாள். வான் கோவின் நீலச் சுழல் முழுதும் புள்ளிகள்! வெளிர் நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு. "சார், இதில் மஞ்சள் இருக்கிறது!" என்று கத்தினாள். திரையில் காணாமல் போன மஞ்சள் தங்கள் அச்சகத்தில் இருந்திருக்கிறது. அதன் பிறகு நான் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை. ஏழு பேரும் சினிமா விளம்பரம், நகைக்கடை விளம்பரம், முதல் பக்கத்து அமைச்சர் முகம் என்று ஒன்று விடாமல் பார்த்துத் தீர்த்தார்கள். அமைச்சரின் கன்னத்தில் இளஞ்சிவப்புப் புள்ளி தூக்கலாக இருக்கிறதாம்.

பிறகு ஒருவன் பக்கத்தின் கீழ் விளிம்பில் நான்கு சின்ன நிற வட்டங்களைக் கண்டுபிடித்து, அவை எதற்கு என்று கேட்டான். நான்கு மைகளும் ஒன்றன் மேல் ஒன்று சரியாக விழுகிறதா என்று பார்க்க அச்சகத்தார் வைப்பது என்று சொன்னேன். ஒருநாள் சரியாக விழாவிட்டால் என்ன ஆகும், நான்கு மையும் ஒரே சமயத்தில் விழுமா, ஒன்றன் பின் ஒன்றா, மஞ்சள் முதலிலா கடைசியிலா என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை.

எனவே ஆசிரியர் அவர்களே, தங்கள் அச்சுக்கூடத்தை ஏழு பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் காட்ட முடியுமா? எந்த நாள், எந்த நேரம் என்றாலும் சரி. அச்சு இரவில்தான் ஓடும் என்றால் பெற்றோரிடம் நான் பேசிக்கொள்கிறேன். சாப்பாடு கட்டிக்கொண்டு வருவோம், இயந்திரத்தைத் தொட மாட்டார்கள். கண்ணாடியும் எங்களிடமே இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.